அண்ணன் எழுதி வைத்த கட்டளைகள்

நான் கதை எழுதிப் பிழைக்கிறவள். கல்லூரியில் கணிதம் எடுத்து இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டவள். அப்படிப்பட்டவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதப் புகுந்தால், 'இவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில்தான் தட்டி எழுதுகிறேன். ஆனாலும் அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று நான் விசாரித்ததில்லை. பேனாவில் மை எப்படி இறங்குகிறது என்று விசாரித்துக்கொண்டா எழுதினோம்?

2022ஆம் ஆண்டு ஏற்காட்டில் ஒன்பது நாள் தங்கியபோது விசாரிக்கும்படி ஆயிற்று. காரணம் என் அண்ணன்.

அண்ணன் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதியவர். ஒண்டிக்கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஓட்டு வீடு. வாசலில் இரண்டு சவுக்கு ஓக் மரங்கள். இங்கே 'சில்வர் ஓக்' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அவற்றின் மேல் மிளகுக் கொடி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தக் காப்பிக்கு நிழல் தரத்தான் இந்த ஓக் மரங்கள் மலை முழுவதும் நிற்கின்றன.

2006ஆம் வருஷம் ஜூன் மாதம் அண்ணனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. எஸ்டேட்டில் தள்ளிவிட்ட பழைய பெட்டி. தெரிந்த பையன் ஒருவன் அதில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். அன்று முதல் 2021 வரை அண்ணன் ஒரு நாள் தவறாமல் குறிப்பு எழுதினார். நாளுக்கு ஒரு கோப்பு. எத்தனை மழை, எந்தப் பறவை, தோட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், அண்ணியோடு என்ன சண்டை என்பதெல்லாம் அதில் உண்டு. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள். பிறகு கண் மங்கியது. சில மாதங்களில் அவரும் போய்விட்டார்.

முதல் வருஷத் திதிக்குள் அந்தக் குறிப்புகளிலிருந்து ஒரு சிறு புத்தகம் போட வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டாள். "உங்க அண்ணன் எல்லாத்தையும் தயாரா வெச்சிருக்கேன்னு சொன்னாரு. ஒரு பொத்தானை அமுக்கினா புத்தகம் வந்துடுமாம்" என்றாள்.

பெட்டி அந்த மழைக்காலத்தோடு செத்துவிட்டது. ஏற்காட்டுப் பனி மனிதர்களுக்கே இரக்கம் காட்டாது, இரும்புக்கா காட்டப்போகிறது? மிஞ்சியது அண்ணன் நகல் எடுத்து வைத்திருந்த ஒரு பென் டிரைவ். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. பதினைந்து வருஷம் அதற்குள் அடங்கியிருந்தது. வேறு நகல் இல்லை.

அதைத் திறந்து பார்த்தோம். நானும் அண்ணன் மகளும். அவள் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். குறிப்புகளுக்கு நடுவே அண்ணன் சொன்ன 'பொத்தான்' இருந்தது. அறுபது எழுபது வரி உள்ள ஒரு கோப்பு.

"இது ஷெல் ஸ்கிரிப்ட் அத்தை" என்றாள்.

"அப்படியென்றால்?"

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் உள்ளே உண்மையில் வேலை செய்யும் பகுதிக்குக் கெர்னல், அதாவது பருப்பு என்று பெயர். நாம் அதைத் தொட முடியாது. பருப்பைச் சுற்றி இருக்கும் ஓடுதான் ஷெல். நாம் கட்டளையைத் தட்டினால் ஷெல் வாங்கிப் படித்து உள்ளே சொல்லும். தினமும் பத்துக் கட்டளைகளைத் தட்டுவதற்குப் பதில் அவற்றை ஒரு சீட்டில் வரிசையாக எழுதி, "இதைப் படித்துச் செய்" என்று கொடுத்துவிட்டால் அதுவே ஷெல் ஸ்கிரிப்ட். கல்யாண வீட்டில் தவசுப்பிள்ளையிடம் கொடுக்கிறோமே, சாமான் சீட்டு, அதைப் போன்றது.

சீட்டின் முதல் வரியில் முகவரி இருக்கும். இதைப் படிக்க எந்த ஷெல்லைக் கூப்பிட வேண்டும் என்று. அண்ணன் 'எஸ்.எச்.' என்று இரண்டே எழுத்தில் எழுதியிருந்தார். ஷெல் என்பதன் சுருக்கம். ரொம்பவும் பொதுவான முகவரி.

அண்ணன் மகள் தன் லேப்டாப்பில் ஓட்டினாள். அதுவும் உபுண்டுதான். நாலைந்து வரி ஓடியதும் நின்றது. "இந்த இடத்தில் அடைப்புக்குறியை எதிர்பார்க்கவில்லை" என்று ஒரு புகார்.

"அப்பாகிட்ட ஓடுச்சே!" என்று அவள் முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் பொய் சொல்லிவிட்டுப் போனது போல எனக்கும் ஒரு கணம் தோன்றியதை ஒப்புக்கொள்கிறேன்.

அன்று இரவு அவள் எனக்கு ஷெல்களின் வம்ச சரித்திரம் சொன்னாள். வெளியே பனி கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அண்ணி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். யூனிக்ஸ் என்னும் அமைப்பை உண்டாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1971ல் எழுதியது முதல் ஷெல். 1979ல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. 'எஸ்.எச்.' என்ற பெயருக்கு நெடுங்காலம் உரிமை கொண்டாடியது அதுதான். பில் ஜாய் ஒன்று எழுதினார், டேவிட் கார்ன் ஒன்று எழுதினார். 1989ல் பிரையன் ஃபாக்ஸ் என்பவர் 'பாஷ்' என்ற ஒன்றை வெளியிட்டார். "மறுபடியும் போர்ன்" என்று அதன் பெயருக்கு விரிவு. மறுபிறவி எடுத்தது என்றும் அர்த்தம் வரும்படி ஒரு சிலேடை. கம்ப்யூட்டர்க்காரர்களுக்கும் காளமேகத்தின் வாசனை உண்டு போலிருக்கிறது.

ஒவ்வொருவரும் பழையதை வைத்துக்கொண்டே புதிதாகக் கொஞ்சம் சேர்த்தார்கள். அதனால் பாஷ் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் புரியும் சொற்கள் பெருகின. அண்ணனின் பெட்டியில் 'எஸ்.எச்.' என்று கூப்பிட்டால் எழுந்து வந்தவர் பாஷ். ஆகவே பாஷுக்கு மட்டுமே தெரிந்த விதத்தில் ஒரு பட்டியலை அடைப்புக்குறிக்குள் எழுதினார்; அது ஓடியது. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு, 'எஸ்.எச்.' என்ற பெயரை 'டாஷ்' என்ற இன்னொரு ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டது. டாஷ் சிறியது, வேகமானது. பெட்டி எழுந்து உட்கார எடுக்கும் நேரம் குறைகிறது என்பது காரணம். 2011ல் டெபியனும் அப்படியே செய்தது. அண்ணன் தம் பெட்டியில் எதையும் மாற்றவில்லை. ஜூன் மாதத்து உபுண்டுவோடேயே பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார்.

அதாவது வீட்டு நம்பர் மாறவில்லை, குடியிருப்பவர் மாறிவிட்டார். அண்ணன் பழைய குடித்தனக்காரருக்கு எழுதிய கடிதத்தைப் புதியவர் பிரித்துப் பார்த்து விழிக்கிறார். இதில் பொய் யார் சொன்னது?

மறுநாள் காலையில் எனக்கு ஓர் அவசரம் பிறந்தது. என்னிடம் ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்தது. அதில் 'எஸ்.எச்.' என்றால் பாஷின் ஒரு பழைய பதிப்புதான் வரும் என்று அண்ணன் மகள் சொல்லியிருந்தாள். திரையில் கட்டளை தட்டும் இடத்தில் 2019லிருந்து 'இஸட்.எஸ்.எச்.' என்ற வேறொருவரை உட்கார வைத்திருந்தாலும், அந்தப் பழைய பெயருக்குப் பாஷ்தான் பதில் சொல்லுமாம். "அப்படியானால் என் பெட்டியில் ஓடுமே!" என்று பென் டிரைவைச் செருகினேன்.

"அத்தை, பொறுங்க! நேரா அதுலே ஓட்டாதீங்க. முதல்லே ஒரு நகல் எடுத்துக்கலாம்."

"இன்னும் என்ன நகல்? பார்த்துவிடுவோம், கண்ணு."

"வேண்டாம் அத்தை" என்று என் கையைப் பிடித்தே விட்டாள்.

நகல் எடுக்கப் பத்து நிமிஷம் பிடித்தது. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அப்படித்தானாம். நான் பொறுமையிழந்து, முற்றத்தில் காய்ந்த காப்பிப் பருப்பைக் காலால் கிளறிக்கொண்டிருந்தேன். பிறகு நகலில் ஓட்டினோம். அடைப்புக்குறியைப் பற்றி இந்தத் தடவை புகார் இல்லை. வேறு ஏதோ இரண்டு வரி திரையில் வந்தது. அதற்குப் பின் அந்தக் கோப்பு இல்லை, இந்தக் கோப்பு இல்லை என்று ஒரே புலம்பல். அண்ணன் மகள் குறிப்புகள் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷமும் இல்லை. எழுந்த மழையெல்லாம், வந்த பறவையெல்லாம், அண்ணியோடு போட்ட சண்டையெல்லாம் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டன.

அது நகல்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. பென் டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அண்ணி கேட்டதற்கு, "ஒன்றுமில்லை அண்ணி" என்றேன். ஒரு பெண் கையைப் பிடித்து நிறுத்தியிராவிட்டால் அந்த வீட்டில் அண்ணன் இரண்டாம் தடவை இறந்திருப்பார்.

என்ன நடந்தது? அண்ணன் மாதா மாதம் ஒரு திருத்தப் படி எடுத்து, குறிப்புகள் இருக்கும் பெட்டகத்துக்குள்ளேயே, அந்த மாதத்தின் பெயர் வைத்த சிறு அறையில் போட்டு வைப்பது வழக்கம். அடுத்த மாதம் புதிய படி எடுக்குமுன் 'போன மாதத்து அறையை அழி' என்பது சீட்டின் ஆரம்ப வரிகளில் ஒன்று. போன மாதம் எது? அதைத் தேதி சொல்லும் கட்டளையிடம் கேட்டிருந்தார். லினக்ஸில் இருக்கும் தேதிக் கட்டளைக்குப் 'போன மாதம்' என்று சொன்னால் புரியும். ஆப்பிளில் இருப்பது வேறு பரம்பரையில் வந்த தேதிக் கட்டளை. அதற்கு அந்தப் பாஷை தெரியாது. "இப்படியல்ல கேட்பது" என்று இரண்டு வரி சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. பதில் வரவேண்டிய இடம் வெறுமையாயிற்று. 'பெட்டகத்துக்குள் இருக்கும் இன்ன அறையை அழி' என்ற வாக்கியத்தில் அறையின் பெயர் விழுந்துவிட்டால் மிச்சம் என்ன? 'பெட்டகத்தை அழி.' ஷெல் ஒரு கேள்வி கேட்கவில்லை. உத்தரவு உத்தரவுதானே?

இது என் அண்ணனுக்கு மட்டும் நேர்ந்த தவறு அல்ல என்று தெரிந்து கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' என்ற பிரபலமான மென்பொருளின் லினக்ஸ் பதிப்பிலும் இதே மாதிரி ஒரு வரி இருந்ததாம். ஒரு பெயர் வெறுமையாகப் போக, அழிக்கும் கட்டளை அடிவேரிலிருந்தே தொடங்கி, உபயோகித்தவரின் சொந்தக் கோப்புகளையெல்லாம் தின்றுவிட்டது. 2015 ஜனவரியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த வரிக்கு மேலே, எழுதியவரே 'பயமாயிருக்கிறது' என்ற பொருளில் ஒரு சொல்லைக் குறித்து வைத்திருந்தாராம்! பயந்தவர் இன்னும் ஒரு வரி எழுதி, பெயர் வெறுமையா என்று பார்த்திருக்கலாம். நம்மில் எத்தனை பேர் பயத்தைச் சொல்லிவிட்டு அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்!

அன்று சாயங்காலம் சேலத்துக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பினோம். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. எங்கள் டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். எதிரே வண்டி இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது, தெரியாததனால்தான் அடிக்கிறார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. கர்நாடகத்துக் காரும் அதற்குக் கட்டுப்படுகிறது, நாமக்கல் லாரியும் கட்டுப்படுகிறது. யாருக்கும் யார் பாஷையும் தெரிய வேண்டியதில்லை.

"ஷெல்லுக்கும் அந்த மாதிரி ஒரு விதி இருக்கு அத்தை" என்றாள் அண்ணன் மகள். 'பாசிக்ஸ்' என்று பெயராம். பெயர் வைத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஷெல்லுக்கும் அதன் துணைக் கட்டளைகளுக்கும் உரிய பகுதி 1992ல் நிர்ணயமாயிற்று. எந்த ஷெல்லானாலும் இந்த அளவாவது புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச ஒப்பந்தம். அதற்குள் நின்று எழுதினால் பாஷும் படிக்கும், டாஷும் படிக்கும், ஆப்பிளும் படிக்கும். அதைத் தாண்டி ஒரு சொல் எழுதினாலும், நமக்குத் தெரிந்த ஒருவருக்குத்தான் எழுதுகிறோம்.

பல பெட்டிகளில் ஓடும்படி எழுதுவது என்றால் எல்லாப் பெட்டிகளையும் பற்றித் தெரிந்து வைத்திருப்பது என்று நான் நினைத்தேன். அப்படியல்லவாம். எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அந்தக் கலை.

மறுநாள் அவள் சீட்டைத் திருத்த உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் இருந்த பட்டியலைச் சாதாரண வரிசையாக ஆக்கினாள். இரட்டைச் சதுர அடைப்பு ஒற்றையாயிற்று. தலைப்பு அச்சிட அண்ணன் 'எக்கோ' என்ற கட்டளையை ஒரு சங்கேதத்தோடு எழுதியிருந்தார். பாஷ் அந்தச் சங்கேதத்தைப் புரிந்துகொண்டு விழுங்கிவிடும், டாஷ் அதையும் சேர்த்து அச்சிட்டுவிடும். ஒவ்வொரு அத்தியாயத் தலைப்புக்கு முன்னாலும் நெற்றிப் பொட்டு மாதிரி ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் வந்து நின்றன. 'பிரின்ட்எஃப்' என்ற கட்டளைக்கு மாற்றியதும் போயின. பெயர் வெறுமையானால் அங்கேயே நின்றுவிடும்படி எழுத அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு குறியீடு இருக்கிறதாம். ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும். அதை எங்கெங்கும் போட்டாள். அழிக்கும் வரிக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"இதை எப்படிச் சரி பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு அழிக்கணும் அத்தை? புதுப் படியை வேறே இடத்துலே எழுதிட்டாப் போச்சு." அந்த வரியை எடுத்தே விட்டாள். கதையில் ஒரு சிக்கலான பத்தியைச் செப்பனிட்டுச் செப்பனிட்டுக் கடைசியில் அந்தப் பத்தியே வேண்டாம் என்று கண்டுகொண்ட நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

அவள் லேப்டாப்பில் ஓடியது. என் ஆப்பிளில் ஓடியது. பிறகு விளையாட்டாகத் தன் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஓட்டினாள். அதற்குள்ளும் ஒரு ஷெல் இருக்கிறதாம், டேவிட் கார்ன் வம்சத்தில் வந்தது. அண்ணி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே முதல் பக்கம்.

அந்தப் பக்கத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. 'காலை 40 சென்ட்' என்று ஆரம்பித்தது குறிப்பு.

"நாப்பது சென்ட் என்ன? நிலம் வாங்கினாரா?" என்றாள் அண்ணன் மகள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. காப்பித் தோட்டங்களில் மழையை அங்குலத்தில் அளப்பார்கள். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். நாற்பது சென்ட் என்றால் பத்து மில்லிமீட்டர் சொச்சம். அண்ணனுக்கு அது சொல்லாமலே தெரியும், ஆகவே எழுதவில்லை.

"அப்பா அங்கேயும் அதே தப்பைத்தான் பண்ணியிருக்காரு. படிக்கிறவங்களுக்குப் புரியாது. எல்லாத்தையும் மில்லிமீட்டரா மாத்திடறேன். சீட்டுலே ஒரு வரி சேர்த்தா போதும்."

"கூடாது" என்றேன்.

"ஏன் அத்தை? இவ்வளவு நேரம் எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதணும்னுதானே பேசினோம்?"

பதில் சொல்லச் சிரமப்பட்டேன். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் கட்டளை வேறு, நாட்குறிப்பு வேறு. இயந்திரத்துக்குச் சொல்வது எந்த இயந்திரத்துக்கும் ஒரே மாதிரி புரிய வேண்டும். அதில் சொந்தக் குரலுக்கு இடமில்லை. மனிதன் தனக்குத் தானே எழுதியதில் இருப்பதே அந்தக் குரல்தான். 'பூ மழை, 85 சென்ட்' என்று மார்ச் மாதத்தில் ஒரு வரி. எட்டு நாள் கழித்து, 'தோட்டம் வெள்ளை' என்று ஒரு வரி. காப்பி பூத்துவிட்டது என்று அர்த்தம். அதை இருபத்தொன்று புள்ளி ஐந்து ஒன்பது மில்லிமீட்டர் என்று மாற்றினால் மழையின் அளவு இருக்கும், அண்ணன் இருக்கமாட்டார். படிக்கிறவர் ஓர் அடி ஏறி வரட்டுமே. அதற்கு ஒரு கைப்பிடி வேண்டுமானால் முன்னுரையில் ஒரு வரி போடுவோம்: சென்ட் என்பது இன்னது என்று.

இப்படியெல்லாம் அழகாக அப்போது சொல்லவில்லை; "உங்கப்பன் எழுதினதைத் தொடாதே" என்றுதான் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள். ஆனால் வரியைச் சேர்க்கவில்லை.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அவளே கூப்பிட்டாள். "அத்தை, இதை என்ன செய்யறது?"

சீட்டின் கடைசியில், இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போக வேண்டும் என்பதற்கான குறியோடு, அண்ணன் ஒரு வரி தமிழில் எழுதியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை அத்தனை கீழே போய்ப் பார்க்கவில்லை.

'இது ஓடவில்லை என்றால் என்னைக் கூப்பிடவும்.'

வெகுநேரம் நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அண்ணி உள்ளேயிருந்து, "என்னடி அங்கே?" என்று குரல் கொடுத்தாள்.

"இனிமே இது தேவையில்லாத வரி. எடுத்துடட்டுமா?" என்று அவள் கேட்டாள். கேட்டாளே தவிர, அவள் விரல் நகரவில்லை.

"இருக்கட்டும். பெட்டிக்கு அதைப் படிக்கத் தெரியாது. அதனால் எங்கேயும் எதுவும் நிற்கப் போவதில்லை" என்றேன்.

திதிக்கு முந்தின வாரம் புத்தகம் வந்தது. நாற்பது பிரதிகள். பென் டிரைவை மூன்று நகல் எடுத்து மூன்று வீட்டில் வைத்திருக்கிறோம். திருத்திய சீட்டு ஒவ்வொன்றிலும் இருக்கிறது. கடைசி வரியும் இருக்கிறது. என் அலமாரியில் என் நாவல்களுக்குப் பக்கத்தில் அண்ணனின் புத்தகத்தை வைத்தேன். பிறகு, எனக்கே புரியும்படியாக நான் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எதை எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் தெளிவாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் முடியவில்லை.